எவ்வளவு உறுதி? – உளவுத்துறை மேசையில் கற்றுக்கொண்டவை

உளவுத்துறையில் சேர ஆசைப்பட்டு யோசனை கேட்டு வரும் இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நாற்பது பக்கத்தைப் படித்துவிட்டு நாலு வரியில் எழுத வருமா? பலருக்கு முகம் சுருங்கிவிடும். துப்பாக்கி, மாறுவேடம், நள்ளிரவுச் சந்திப்பு என்று வேறு எதையோ கேட்பேன் என எதிர்பார்த்து வந்திருப்பார்கள். களத்தில் ஆட்களைக் கையாளும் அதிகாரிகளின் துணிச்சல் பெரியது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவரும் தகவல் கடைசியில் ஒரு மேசைக்குத்தான் வருகிறது. அங்கே ஒருவர் அதைப் படித்து, மற்றவற்றோடு ஒப்பிட்டு, முடிவெடுக்க வேண்டியவருக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்த மேசையில்தான் போனது.

எந்த அமைப்பு, எந்த நாட்டைக் கவனித்தேன் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் கட்டுப்பாடு ஓய்வுக்குப் பிறகும் தொடர்கிறது, தொடரவும் வேண்டும். உதாரணமாக நான் எடுத்துக்கொள்ளும் பெரிய சம்பவங்கள் எல்லாம் விசாரணைக் குழுக்களும் வெளியிடப்பட்ட ஆவணங்களும் ஏற்கெனவே உலகுக்குச் சொன்னவை.

சேர்ந்த புதிதில் எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் ஒரு பெண்மணி. மேடம் என்றே இங்கும் சொல்கிறேன். என் முதல் வரைவுகளில் ஒன்றை அவரிடம் கொடுத்தபோது அவர் அதைப் படிக்கவில்லை. ஒரு பென்சிலை நீட்டி, "ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்துலயும் ஒரு எழுத்து போட்டுட்டு வாங்க. நாம பார்த்ததுன்னா பா. யாரோ சொல்லிக் கேட்டதுன்னா கே. நீங்களா நினைச்சதுன்னா நி" என்றார். நான் எழுதியிருந்தது இதுதான்: "எல்லையை ஒட்டிய முகாமில் படைகள் குவிக்கப்படுகின்றன. வீரர்களின் விடுப்பு ரத்து செய்யப்பட்டுள்ளது. தாக்குதலுக்கான ஆயத்தம் தெளிவாகத் தெரிகிறது."

எழுத்துப் போட உட்கார்ந்தபோதுதான் விஷயம் விளங்கியது. நாம் பார்த்தது, சாட்டிலைட் படத்தில் கூடுதலாக நின்ற லாரிகளை. படைகளை யாரும் பார்க்கவில்லை. விடுப்பு ரத்து என்பது ஒரே ஒரு வீரரைப் பற்றி, அவருடைய உறவினர் வழியாக ஒரு சோர்ஸுக்கு, அதாவது நமக்குத் தகவல் தருகிற ஒருவருக்கு, வந்த பேச்சு. "தெளிவாகத் தெரிகிறது" என்று எழுதியது என் மனம். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திய வடிவம் ஏறத்தாழ இப்படி இருந்தது: "முகாமில் நிற்கும் லாரிகள் போன வாரப் படத்தைவிட அதிகம். ஒரு வீரரின் விடுப்பு ரத்தானதாக அவருடைய உறவினர் வழியே தகவல். இரண்டும் வழக்கமான பயிற்சிக்கும் பொருந்தும், தாக்குதல் ஆயத்தத்துக்கும் பொருந்தும். கள மருத்துவமனையும் எரிபொருள் டேங்கர்களும் முன்னே நகர்ந்தால் இரண்டாவதன் பக்கம் சாய்வோம். இதுவரை அவை நகரவில்லை."

இந்த இரண்டாவது வடிவத்தில் பரபரப்பு இல்லை. ஆனால் அதைப் படிக்கும் அமைச்சரோ தளபதியோ, அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு எழுந்திருப்பார். முதல் வடிவத்தைப் படித்திருந்தால் படையை நகர்த்தச் சொல்லியிருக்கலாம். அதைப் பார்த்து எதிர்ப்பக்கம் உண்மையிலேயே படையை நகர்த்தியிருக்கலாம்.

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். தொழிலின் பாதி அங்கே இருக்கிறது. பயிற்சிக்கும் போருக்கும் பொதுவாக இருப்பவற்றை அடுக்கிக்கொண்டே போவதில் பயனில்லை. போருக்கு மட்டுமே தேவைப்படுவது எது என்று தேட வேண்டும். 2022 ஜனவரி கடைசியில், உக்ரைன் எல்லைக்கு அருகே ரஷ்யா காயம்பட்டோருக்கான ரத்தத்தையும் மருத்துவப் பொருட்களையும் கொண்டுவந்து சேர்க்கிறது என்று அமெரிக்க அதிகாரிகளை மேற்கோள் காட்டிச் செய்தி வெளியானது. டாங்கிகளைப் பற்றி அதற்கு முன்பே மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். டாங்கியைப் பயிற்சிக்கும் கொண்டுவரலாம், மிரட்டவும் கொண்டுவரலாம். ரத்தம் அப்படியல்ல, சீக்கிரம் கெட்டுவிடும் பொருள். பிப்ரவரி 24 அன்று படையெடுப்பு தொடங்கியது. ஒரு மேசையை ஏற்றுக்கொண்டதும் இப்படி "அது மட்டும் நடந்தால்" என்கிற பட்டியலை எழுதி வைத்துவிடுங்கள். நெருக்கடி வந்த பிறகு எழுதினால், கண்ணில் படுவதையெல்லாம் அறிகுறியாக்கிவிடுவோம்.

அடுத்தது, எவ்வளவு உறுதி என்பதை எப்படிச் சொல்வது. இதற்கு ஷெர்மன் கென்டின் அனுபவத்தைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. யேல் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவுக்கு வந்தவர். 1951 மார்ச்சில் அவர் இருந்த மதிப்பீட்டுக் குழு, அந்த ஆண்டு யூகோஸ்லாவியா மீது சோவியத் அணி படையெடுக்குமா என்று ஆராய்ந்து, அதைக் கணிசமான சாத்தியமாகக் கருத வேண்டும் என்ற பொருளில் எழுதியது. சில நாள் கழித்து வெளியுறவுத் துறையின் ஓர் உயர் அதிகாரி, அப்படியென்றால் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார். தாக்குதல் நடப்பதற்கு 65, நடக்காததற்கு 35 என்றார் கென்ட். கேட்டவர் அதிர்ந்துபோனார்; அவரும் அவருடைய சகாக்களும் அதைவிட மிகக் குறைவாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். கலங்கிய கென்ட், அந்த வாசகத்துக்கு ஒப்புதல் தந்த தன் குழுவினரிடமே தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார். ஒருவர் மனதில் 80-க்கு 20 இருந்தது, இன்னொருவர் மனதில் 20-க்கு 80. ஒரே வாசகத்தின் கீழ் கையெழுத்துப் போட்டவர்கள் நேரெதிராக நினைத்திருக்கிறார்கள்!

1964-இல் கென்ட் இதை ஒரு கட்டுரையாக எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் வரம்பு வைக்க வேண்டும் என்று வாதாடினார். அன்று பலர் எதிர்த்தார்கள். இன்று அமெரிக்க அமைப்புகளின் தர விதிகளிலேயே அப்படியொரு அளவுகோல் இருக்கிறது: நடக்கும் வாய்ப்பு அதிகம் என்றால் 55 முதல் 80 சதவீதம், நடக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்றால் 80 முதல் 95, ஏறத்தாழ நிச்சயம் என்றால் 95 முதல் 99. பிரிட்டனிலும் இதுபோன்ற ஓர் அளவுகோல் உண்டு.

உங்கள் அமைப்பில் அது இல்லாவிட்டாலும், வரைவின் ஓரத்தில் எண்ணை எழுதிப் பழகுங்கள். கூட வேலை பார்ப்பவரையும், உங்கள் எண்ணைக் காட்டாமல், எழுதச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இருபது முப்பது வித்தியாசம் வந்தால் வாசகம் இன்னும் தயாராகவில்லை என்று பொருள். இதோடு இன்னொன்றையும் பிரித்துவைக்க வேண்டும். நடப்பதற்கான வாய்ப்பு வேறு, நம் ஆதாரத்தின் வலு வேறு. நாணயத்தைச் சுண்டினால் பூ விழ ஐம்பது சதவீதம் என்பதை முழு உறுதியோடு சொல்லலாம். அறிமுகமே இல்லாத ஒரு தலைவர் ராஜினாமா செய்வாரா என்று கேட்டாலும் ஐம்பது என்றுதான் வாயில் வரும், ஆனால் அது எதுவும் தெரியாததால் வந்த ஐம்பது. படிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரிந்தாக வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பாமல் இரண்டு வாக்கியமாக எழுதுங்கள்.

சோர்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். ஓர் ஒற்றனை இன்னொருவன் அறியாதபடி வைத்திருந்து, மூவர் சொல்வதும் ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறது அதில் ஒரு குறள். மூவர் என்ற எண்ணிக்கையைவிட, ஒருவரையொருவர் அறியாமை என்ற நிபந்தனையே அதில் முக்கியம். அதை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 2003 போருக்கு முந்தைய இராக் விவகாரம் காட்டியது. 'கர்வ்பால்' என்ற சங்கேதப் பெயர் கொண்ட இராக்கியர் ஒருவர், நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்கள் இருப்பதாக ஜெர்மன் உளவுத்துறையிடம் சொன்னார். அவர் சொன்னது ஏறத்தாழ 100 அறிக்கைகளாக அமெரிக்காவுக்குப் போனது. அவற்றை வைத்து எழுதிய பகுப்பாய்வாளர்கள் யாரும் அவரை நேரில் விசாரித்ததில்லை. அதே விஷயத்தை உறுதிப்படுத்தியதாகக் காட்டப்பட்ட இன்னொருவர் இட்டுக்கட்டுகிறவர் என்று 2002 மே மாதமே எச்சரிக்கைக் குறிப்பு வெளியாகியிருந்தது. அப்படியும் அந்த இன்னொருவர் சொன்னது அமெரிக்க உளவு அமைப்புகளின் அக்டோபர் மாத மதிப்பீட்டில் இடம்பெற்றது, 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஆற்றிய உரை வரை போனது. கர்வ்பால் தான் சொன்னது பொய் என்று 2011-இல் பேட்டியிலேயே ஒப்புக்கொண்டார்.

எனவே ஒவ்வொரு முக்கியத் தகவலுக்கும் ஒரு கோடு வரையுங்கள்: இதை நமக்குச் சொன்னது யார், அவருக்குச் சொன்னது யார், அவருக்கு? வேறுவேறு நாட்டிலிருந்து, வேறுவேறு தலைப்பில், வேறுவேறு தேதியில் வந்த அறிக்கைகளின் கோடுகள் ஒரே புள்ளியில் போய் முடிவதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். ஒரு சோர்ஸ் பொய்யர் என்று முடிவானால், அவர் தந்ததை வைத்து எழுதிய பழைய அறிக்கைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடித் திருத்துவதும் உங்கள் வேலைதான். புதிய அறிக்கை எழுதுவதற்குக் கிடைக்கிற பாராட்டு இதற்குக் கிடைக்காது. ஆனாலும் செய்துவிடுங்கள்.

தகவல் சரியாக இருந்தும் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வீணாவதும் உண்டு. இதற்குக் கார்கில் ஆய்வுக் குழுவின் அறிக்கையைப் படித்தால் போதும். 1999 போருக்குப் பின் கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த குழு அது. பாகிஸ்தான் பக்கம் அந்தப் பகுதியில் நடந்துவந்த செயல்பாடுகள் பற்றி, 1998 ஜூன் 2 அன்றே உள்நாட்டு உளவு அமைப்பான ஐபியின் இயக்குநர் தன் கையெழுத்திட்டு ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறார். பிரதமர், உள்துறை அமைச்சர், கேபினட் செயலர், உள்துறைச் செயலர், ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் என்று மேலிடங்களுக்கெல்லாம் போயிருக்கிறது. அந்தத் தகவலை மற்றத் துண்டுகளோடு பொருத்திப் பார்த்திருக்க வேண்டிய மூவருக்கு, அதாவது வெளிநாட்டு உளவு அமைப்பான ராவின் செயலருக்கும், கூட்டு உளவுக் குழுத் தலைவருக்கும், ராணுவ உளவுத்துறைத் தலைமை இயக்குநருக்கும் அது அனுப்பப்படவில்லை என்று குழு பதிவு செய்தது.

இதைப் படித்த நாளிலிருந்து, யார் யாருக்குப் பிரதி போக வேண்டும் என்ற பட்டியலை நான் அறிக்கையின் ஒரு பகுதியாகவே பார்க்கிறேன். கையெழுத்துக்கு அனுப்பும் முன் என்னையே கேட்டுக்கொள்வேன்: இதைப் படித்ததும் தன் ஃபைலைத் திறந்து வேறொன்றோடு சேர்த்துப் பார்க்கப்போகிறவர் யார்? அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா? பெரிய பதவிகளுக்குப் பிரதி போய்விட்டால் வேலை முடிந்தது என்ற நிம்மதி வந்துவிடும். பெரிய பதவியில் இருப்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க நேரம் ஏது? ரகசியத்தைக் காப்பதற்காகப் பிரதிகளைக் குறைக்க வேண்டியிருக்கும்தான். அப்போதும் மூல விவரத்தை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் அனுப்ப வழி இருக்கிறது. அந்த வழியைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாரும் ஒரு முடிவில் இருக்கும்போது மாற்றிச் சொல்வதுதான் இந்த வேலையின் மிகக் கடினமான இடம். 1973 அக்டோபரில் இஸ்ரேல் ராணுவ உளவுத்துறையின் தலைமை, நீண்ட தூரம் சென்று தாக்கும் விமானங்கள் கிடைக்காமல் எகிப்து போருக்கு வராது, எகிப்து வராமல் சிரியா வராது என்று உறுதியாக நம்பியிருந்தது. தெற்குக் கட்டளையகத்தில் இருந்த பெஞ்சமின் சிமான்-டோவ் என்ற இளம் லெப்டினன்ட், எகிப்தின் படைப் பயிற்சி போருக்கான மறைப்பாக இருக்கலாம் என்று அக்டோபர் 1-ஆம் தேதியும் 3-ஆம் தேதியும் எழுதிக் கொடுத்தார். அவருடைய மேலதிகாரி அதை மேலே அனுப்பவில்லை. 6-ஆம் தேதி போர் மூண்டது. போருக்குப் பின் அக்ரநாத் ஆணையம் விசாரித்தது. அதன் பிறகு, நிலவும் முடிவுக்கு எதிராக வாதாடுவதையே வேலையாகக் கொண்ட ஒரு தனிப் பிரிவை அங்கே ஏற்படுத்தினார்கள்.

எதிரி நம்மைப் போலவே கணக்குப் போடுவான் என்ற எண்ணமும் இப்படித்தான் கண்ணை மறைக்கும். மேலே சொன்ன அதே கென்டின் குழு, 1962 செப்டம்பர் 19 அன்று, சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைக்க வாய்ப்பில்லை என்று மதிப்பிட்டது. அவ்வளவு ஆபத்தான காரியத்தை அதுவரை அவர்கள் எங்கும் செய்ததில்லை என்பது முக்கியமான காரணம். அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் எடுத்த படங்களில் ஏவுதளங்கள் தெரிந்தன. சொல்லுக்கு எண் கேட்ட மனிதரின் குழுவுக்கே இது நடந்தது என்றால், நாம் எத்தனை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

தனியாக மாற்றுக் கருத்து வைத்திருக்கும் இளையவருக்கு என் யோசனை இது. கூட்டத்தில் "நீங்கள் எல்லாரும் தவறு" என்று தொடங்காதீர்கள். "எந்தத் தகவல் வந்தால் நாம் இந்த முடிவை மாற்றிக்கொள்வோம்?" என்று கேளுங்கள். பதிலைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அந்தத் தகவல் வரும் நாளில் நீங்கள் வாதாடவே வேண்டியிருக்காது, அவர்கள் ஒப்புக்கொண்டதை எடுத்துக் காட்டினால் போதும். எந்தத் தகவல் வந்தாலும் மாற்ற மாட்டோம் என்று பதில் வந்தால், அது மதிப்பீடாக இல்லை என்பது அந்த அறையில் இருக்கும் எல்லாருக்கும் புரிந்துவிடும். அதற்கும் மேல் கருத்து வேறுபாடு நீடித்தால் அடிக்குறிப்பாகப் போடக் கேளுங்கள். 2002 அக்டோபர் இராக் மதிப்பீட்டில், அணு ஆயுதத் திட்டம் மீண்டும் தொடங்கிவிட்டது என்ற பகுதியை அமெரிக்க வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு ஏற்கவில்லை. அந்த மறுப்பு ஆவணத்திலேயே பதிவாகியிருக்கிறது. அதனால் போர் நிற்கவில்லை. இருந்தும் அதை எழுதியவர்கள் தங்கள் கடமையை முழுமையாகச் செய்தார்கள் என்பது என் உறுதியான கருத்து.

மேலிருந்து வரும் அழுத்தம் பெரும்பாலும் மிரட்டலாக வருவதில்லை. சிரித்த முகத்தோடு ஒரு தொலைபேசி அழைப்பாக வரும். ஒருமுறை மிக மரியாதையான ஓர் உயர் அதிகாரி கூப்பிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு, அந்த 'இதுவரை ஆதாரம் இல்லை'ங்கிற வரியை மட்டும் எடுத்துட்டா படிக்கிறதுக்குச் சீரா இருக்கும்" என்றார். நான் சொன்னது: "சார், வரியை எடுக்கிறதுன்னா மதிப்பீடு மாறுது. மாத்தணும்னா புது ஆதாரம் வேணும். உங்ககிட்ட இருந்தா அனுப்புங்க, இன்னைக்கே மறுபடி எழுதித் தர்றேன்." அவர் கோபப்படவில்லை. வரி நின்றது. இந்தப் பதிலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது மேடம்தான், அப்படியே மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்; அந்த நேரத்தில் யோசித்துச் சொல்ல வராது. அதே போல, என்ன செய்ய வேண்டும் என்று நீங்களாக அறிக்கையில் எழுதாதீர்கள். கொள்கையைப் பரிந்துரைக்கத் தொடங்கிய நாளிலிருந்து, உங்கள் தகவலையும் அந்தப் பரிந்துரைக்கு ஆதரவு தேடுவதாகவே படிப்பார்கள்.

சொந்த வாழ்க்கை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னணிச் சோதனைக்குப் பயந்து கடனையோ பழைய வழக்கையோ மறைக்கிறவர்கள் உண்டு. சோதனை செய்கிறவர்கள் தேடுவது பரிசுத்தமானவர்களை அல்ல. மறைக்கிற விஷயம்தான் பிறர் கையில் பிடியாக மாறும். சொல்லிவிட்டால் அது வெறும் கடன். சோவியத் யூனியனுக்குத் தகவல் விற்ற சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-லும் 1991-லும் பொய் கண்டறியும் சோதனையில் தேறினார். ஆண்டுச் சம்பளம் 70,000 டாலரைத் தொடாத அவர், 5,40,000 டாலருக்கு வீட்டை ரொக்கமாக வாங்கியது எல்லார் கண்ணிலும் பட்டது. 1994 பிப்ரவரியில்தான் கைதானார். அவர் காட்டிக்கொடுத்தவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள். பக்கத்து மேசைக்காரரைப் பற்றிச் சந்தேகம் எழுப்புவது மனதுக்கு ஒவ்வாத வேலைதான். அதற்கென்று உள்ள பிரிவிடம் சொல்லிவிட்டு, வேறு யாரிடமும் பேசாமல் இருங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு, நீங்கள் ஏன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று காரணம் சொல்ல முடியாது. ஆனால் "இன்று கஷ்டமான நாள், உங்கள் மேல் எந்தக் கோபமும் இல்லை" என்று சொல்லத் தடை எதுவும் கிடையாது. அதைக்கூடச் சொல்லாமல் இருந்து உறவுகளை இழந்த நல்ல அதிகாரிகளை எனக்குத் தெரியும். அமைப்பின் உள்ளேயே அனுமதி பெற்ற மனநல ஆலோசகர் இருந்தால் தயங்காமல் போங்கள்.

சேரும் முன் என்ன படிக்கலாம் என்றால், ஒரு வெளிநாட்டு மொழியை செய்தித்தாள் படிக்கும் அளவுக்கு. கூடவே கொஞ்சம் புள்ளியியல், நிறைய வரலாறு. பட்டம் எதுவாக இருந்தாலும் பெரிய பாதகமில்லை.

மேசையை விட்டு மாறும்போது ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவீர்கள். பெரும்பாலானோர் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் அதில் கொட்டிவிடுவார்கள். அது ஏற்கெனவே ஃபைல்களில் இருக்கிறது. அடுத்து வருகிறவருக்கு வேண்டியது வேறு: இன்னும் விடை கிடைக்காத கேள்விகள், ஒற்றை சோர்ஸை மட்டும் நம்பி நிற்கிற முடிவுகள், நீங்கள் அடிக்கடி அறுபதா நாற்பதா என்று ஊசலாடிய இடங்கள். இந்தப் பகுதியைக் கடைசி நாள் மாலை அவசரமாக எழுதாமல், மாறுதல் உத்தரவு கைக்கு வந்த அன்றே தொடங்குங்கள். புதியவர் வந்ததும் அவரை எதிரில் உட்காரவைத்து, ஒவ்வொரு முடிவுக்கும் அவர் மனதில் தோன்றும் எண்ணை முதலில் எழுதச் சொல்லிவிட்டு, அதன் பிறகு உங்கள் எண்ணைக் காட்டுங்கள்.